ஸ்பீக்கருக்கு ஒரு காவல்

(மலாக்காவில் ஆலய நிர்வாகத்தினரும் தோட்டத்து இளைஞர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தமிழ்ச் சபைகளிலே பேச எழுபவர்கள் பெரும்பாலும் இலக்கியத்தையோ சமயத்தையோ சமுதாய முன்னேற்றத்தையோ பொருளாகக் கொள்வது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டது, கைவேலையாகக் கட்டிய ஓர் ஆம்ப்ளிபயரின் மின்வழங்கலில் பழுது நேரும்போது, அந்தப் பழுதுக்குச் சிறிதும் காரணமாகாத ஸ்பீக்கர் எரிந்துபோவதை எவ்வாறு தடுப்பது என்னும் தொழிற்செய்தியாகும். இது பொதுச் சபையிலே பேசத் தகுந்த பொருளா என்று சிலர் ஐயுறக் கூடும். ஆனால், நம் மாநிலத்தில் தமிழ் ஒலி எழுகின்ற இடங்களில் எல்லாம் ஒரு மரப்பெட்டியும் அதனுள் ஒரு காகிதக் கூம்பும் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் கூம்பின் க்ஷேமம் நமது பொதுக் காரியங்களோடு எவ்வளவு நெருங்கிப் பிணைந்தது என்பது விளங்கும்.

டான் சே யான் என்னும் சீனச் செல்வர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கிலே வாணிப நோக்கத்தோடு மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டத்தை உண்டாக்கி, பின்னர் புக்கிட் அசகானிலே அதனை விரிவாக்கிய காலந்தொட்டு, இந்த மண்ணிலே பால் வெட்டவும் காடு திருத்தவும் வந்து சேர்ந்த நம் முன்னோர், லயங்களுக்கு அருகிலே ஒரு மாரியம்மன் கோயிலை எழுப்பாமல் குடியிருந்ததில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் பல வெறிச்சோடி, பிள்ளைகள் அலோர் காஜாவுக்கும் ஜாசினுக்கும் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். ஆயினும் திருவிழா என்றால் கெமெண்டோருக்கும் காடேக்குக்கும் தெபோங்கிற்கும் திரும்பி வருவதை அவர்கள் விட்டுவிடவில்லை. அந்தத் திருவிழாவிலே அதிகாலைப் பக்திப் பாட்டும், அர்ச்சனைச் சீட்டு அறிவிப்பும், உறுமி மேளமும், இரவிலே இளைஞர் கலைநிகழ்ச்சியும் ஒரே ஆம்ப்ளிபயரின் வழியாகத்தான் வெளிவருகின்றன. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் சந்நிதியை நோக்கித் திரளும் கூட்டத்தின் நடுவே நடந்து செல்பவர்கள், தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் எத்தனை விதமான ஒலிப்பெட்டிகள் முழங்குகின்றன என்பதையும், அவற்றுள் சில யாரோ ஓர் இளைஞன் வீட்டுப் பின்கட்டிலே ஈயம் பற்றவைத்து உருவாக்கியவை என்பதையும் கவனித்திருப்பார்கள்.

அந்த இளைஞர்களைக் குறித்து எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவர்களுடைய சாமர்த்தியம் வானத்திலிருந்து விழுந்ததன்று. சீமென்ஸ் நிறுவனம் 1973-இல் மலாக்காவிலே குறைகடத்தி ஆலையைத் தொடங்கிற்று; இன்று அது இன்பினியன் என்னும் பெயரோடு விளங்குகின்றது. பத்து பிரண்டாமிலே நேஷனல் செமிகண்டக்டர் நடத்திய ஆலை, 2011-இல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வசம் சென்றது. பால்வாளி தூக்கிய தாயின் மகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத பொன்னிழையைச் சில்லின்மேல் பொருத்தும் யந்திரத்தின் முன்னே அமர்ந்தது இத்தகைய ஆலைகளில்தான். இன்று வீட்டு ஆம்ப்ளிபயர் கட்டுவோர் விரும்பி வாங்கும் எல்.எம். 1875, எல்.எம். 3886 ஆகிய ஐ.சி.க்கள் அந்த நேஷனல் நிறுவனம் வடிவமைத்தவையே. டுரியான் துங்காலிலே மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிற்கின்றது. ஆகவே மின்னணு என்பது மலாக்காத் தமிழனுக்கு அந்நிய வித்தையாக இருந்த காலம் கடந்துவிட்டது. குறையாக நிற்பது ஒன்றே: சத்தம் எழுப்பக் கற்றுக்கொண்ட அளவுக்கு, அந்தச் சத்தம் எழும் சாதனத்தைக் காக்கக் கற்றுக்கொள்ள நாம் சிரத்தை காட்டவில்லை.

இந்தக் குறை எப்படி நேர்ந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். வால்வு வானொலியும் வால்வு ஆம்ப்ளிபயரும் வழங்கிய நாட்களிலே, தோட்டத்து எஞ்சின் வீட்டிலிருந்து மாலையில் சில மணி நேரம் வந்த மின்சாரம் ஏறியும் இறங்கியும் எத்தனை அலைக்கழித்தாலும், வால்வு எரியும், ரெசிஸ்டர் கருகும், ஆனால் ஸ்பீக்கர் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ஓர் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் நின்றதே அதற்குக் காரணம். டிரான்ஸ்பார்மரின் ஒரு சுற்றிலிருந்து மறு சுற்றுக்கு மாறுகின்ற மின்னோட்டம்தான் கடக்கும். மாறாது ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டம், அதாவது டிசி, கடக்காது. கோயில் கூரையிலும் தென்னை மரத்திலும் கட்டப்படும் குழாய் ஸ்பீக்கர்களுக்கான 100 வோல்ட் லைன் முறையிலும் அந்த டிரான்ஸ்பார்மர் இன்றைக்கும் இருக்கின்றது. அந்தக் குழாய்கள் பல ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கி உழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிரான்சிஸ்டர் வந்த பிறகு அந்த இரும்புப் பாரம் வேண்டாத சுமையாயிற்று. முதலில் அதன் ஸ்தானத்திலே ஒரு பெரிய கண்டென்சர் வந்து நின்றது. 2200 மைக்ரோபாரட் அளவுள்ள கண்டென்சர் ஒன்றை 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் தொடராக வைத்தால், ஏறத்தாழ 9 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியெல்லாம் தடையின்றிச் செல்லும். டிசி மட்டும் நின்றுவிடும். பின்னர், நேர் ஒன்றும் எதிர் ஒன்றுமாக இரட்டை மின்வழங்கல் வழக்கத்திற்கு வந்தபோது, அந்தக் கண்டென்சரையும் எடுத்துவிட்டு, டிரான்சிஸ்டரின் வாயிலிலேயே ஸ்பீக்கரை நேராக இணைத்தார்கள். ஒலி தெளிவுற்றது, தாழ்சுரம் ஆழ்ந்து ஒலித்தது, இவையெல்லாம் உண்மையே. ஆனால் டிரான்ஸ்பார்மரும் கண்டென்சரும் கேளாமலே செய்து வந்த காவல் வேலையைச் செய்ய அங்கே இனி ஒருவரும் இல்லை. பெயர்பெற்ற நிறுவனங்கள் அந்த வெற்றிடத்தை உணர்ந்து ரிலே என்னும் மின்காந்த ஸ்விட்ச் வைத்த பாதுகாப்புச் சுற்றைத் தங்கள் பெட்டிகளுக்குள்ளே அமைத்தன. வீட்டிலே கட்டும் நாமோ, பெருக்கும் பலகையை மட்டும் வாங்கி, டிரான்ஸ்பார்மரை முடுக்கி, பாட்டைப் போட்டுவிடுகின்றோம்.

அப்படி நேராக இணைத்த ஸ்பீக்கருக்குள் டிசி புகுந்தால் என்ன ஆகும்? எரிந்துபோன ஸ்பீக்கர் ஒன்றின் கூம்பைப் பிளேடால் வட்டமாக அறுத்துத் தூக்கிப் பார்த்திருப்பவர்களுக்கு அதை நான் விவரிக்க வேண்டுவதில்லை. செம்புக்கம்பிச் சுருள் தன் பளபளப்பை இழந்து கறுத்திருக்கும். ஒட்டுப்பசை பொங்கிக் குமிழியிட்டிருக்கும். சுருளைத் தாங்கும் குழல் உப்பிக் காந்தத்தின் இடைவெளியிலே சிக்கி, விரலால் அழுத்தினால் கரகரவென்று உரசும். பெட்டியைத் திறந்த அறையிலே அந்தத் தீய்ந்த அரக்கு வாடை நெடுநேரம் போகாது. 8 ஓம் என்று முத்திரை குத்திய ஸ்பீக்கரின் சுருளை மீட்டரால் அளந்தால் சுமார் 6 ஓம்தான் காட்டும். 35 வோல்ட் டிசி அதன்மேல் விழுந்தால் 5.8 ஆம்பியருக்கு மேல் ஓடும்; அது 200 வாட்டுக்குச் சற்று மேற்பட்ட வெப்பம். 50 வாட் இசைக்கென்று செய்த சுருள் அதைத் தாங்காது. மேலும், இசை ஒலிக்கும்போது சுருள் முன்னும் பின்னும் அசைந்து காற்றைக் கிளறித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். சுற்றியுள்ள இரும்பும் அதன் சூட்டை ஏற்கும். டிசியோ கூம்பை ஒரேயடியாக வெளியேயோ உள்ளேயோ தள்ளி அசையாமல் பிடித்துக்கொள்வதால், சுருள் தன் இடத்தைவிட்டு விலகி, காற்றும் இன்றி இரும்பின் அரவணைப்பும் இன்றி வேகின்றது. சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். சில வேளைகளில் அட்டைக் குழலும் கூம்பும் தீப்பிடிப்பதும் உண்டு. பந்தலுக்குக் கீழே பட்டுத்துணியும் பூந்தோரணமும் தொங்கும் இடத்திலே அது எத்தகைய அபாயம் என்பதைச் சிந்தியுங்கள்.

அந்த டிசி எங்கிருந்து வருகின்றது? அவுட்புட் டிரான்சிஸ்டர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, மின்வழங்கலின் ஒரு முனையை அப்படியே ஸ்பீக்கரிடம் ஒப்படைப்பது யாவரும் அறிந்த வழி. அந்த டிரான்சிஸ்டரை அந்நிலைக்குத் தள்ளியது எது என்று ஆராய்ந்தால், பல முறை மின்வழங்கலிலேயே கொண்டுபோய் விடும். டிரான்சிஸ்டர் நல்ல நிலையில் இருக்கும்போதே மின்வழங்கல் மட்டும் ஸ்பீக்கரைக் கெடுப்பதும் உண்டு. இந்த இடத்திலே நான் சற்று நின்று பேச விரும்புகின்றேன். பெருக்கும் பலகையைப் பற்றிப் பேசுவதற்கு ஆயிரம் பேர் இருக்கின்றார்கள், டிரான்ஸ்பார்மருக்கும் பலகைக்கும் இடையே கிடக்கும் சில சாமான்களைப் பற்றிப் பேசுவோர் அரிதாக இருக்கின்றார்கள்.

நம் நாட்டு மின்சாரம் முன்பு 240 வோல்ட் என்று கணக்கிடப்பட்டது. 2008 முதல் பெயரளவு 230 வோல்ட். அது 253 வரை உயர்வதும் 216 வரை தாழ்வதும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே அடங்கும். 25-0-25 என்னும் டிரான்ஸ்பார்மரை வாங்கினால், டயோடுகளைக் கடந்து கண்டென்சரிலே ஏறத்தாழ 35 வோல்ட் நேரும் 35 வோல்ட் எதிரும் நிற்கும் என்று ஏட்டுக்கணக்கு சொல்லும். ஆனால் வீதி மின்சாரம் 253-ஐத் தொடும் நள்ளிரவிலே, பாட்டு நின்று பாரம் குறைந்திருக்கும் சமயத்திலே, அதே கண்டென்சரில் 40 வோல்ட்டைத் தாண்டிவிடும். 35 வோல்ட் கண்டென்சரை வைத்தவன் கணக்கிலே சரியாகவும் காரியத்திலே பிழையாகவும் நடந்தவன் ஆவான். இத்தகைய டிரான்ஸ்பார்மருக்கு 50 வோல்ட்டுக்குக் குறைந்த கண்டென்சரைத் தொடவே கூடாது. 63 வோல்ட் இன்னும் உத்தமம். தகரக் கூரையின் கீழே உச்சி வெயிலில் கிடக்கும் பெட்டிக்கு 85 டிகிரி என்று எழுதியதை விட்டு 105 டிகிரி என்று எழுதியதை வாங்குவது, சில வெள்ளியில் சில ஆண்டு ஆயுளை வாங்குவதாகும். தலை உப்பிய கண்டென்சரைக் கண்டால் அது இன்னும் வேலை செய்கின்றதே என்று விட்டுவைக்காதீர்கள்.

அடுத்தது நடுக்கம்பி. டிரான்ஸ்பார்மரின் சென்டர் டேப் கம்பி பற்றவைத்த இடத்தில் விட்டுப்போனால் பாட்டு உடனே நின்றுவிடுவதில்லை; அதுதான் அதன் வஞ்சகம். மொத்தம் 70 வோல்ட் அப்படியே இருக்கும். ஆனால் அதைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்க ஆள் இல்லாமற்போவதால், ஒரு பக்கம் 50 ஆகவும் மறுபக்கம் 20 ஆகவும் பூஜ்யம் நழுவும். உறுமியின் ஒவ்வோர் அடிக்கும் அந்தப் பூஜ்யம் ஆடும். ஒரு கண்டென்சர் தன் எல்லையைக் கடந்து வெடிக்கும். சமநிலை இழந்த பலகை கிடைத்த பக்கம் சாயும். லாரியிலே ஏற்றித் தோட்டத்துச் செம்மண் பாதையிலே குலுங்கிச் செல்லும் பெட்டிகளில் இந்தப் பழுது அதிகம். ஆகையால் நடுக்கம்பியை ஈயத்தால் மட்டும் ஒட்டவிடாமல், முதலில் துளையிலே முறுக்கிப் பிணைத்துப் பிறகு பற்றவையுங்கள்.

திருவிழாப் பந்தலிலே மும்முனை மின்சாரம் இழுத்திருந்தால், தற்காலிகப் பெட்டியில் நியூட்ரல் கம்பி தளர்வது இன்னும் கொடியது. அப்போது ஒருமுனைச் சாதனங்கள் இரு முனைகளுக்கு இடையே தொடராக அகப்பட்டு, பாரம் குறைந்த சாதனத்தின் தலையிலே 400 வோல்ட்டுக்கு நெருங்கிய அழுத்தம் ஏறிவிடும். வாடகை ஜெனரேட்டரிலும், பெருவிளக்குகளை ஒரேயடியாக அணைக்கும் கணத்தில் வோல்டேஜ் துள்ளும். இடிமின்னல் மிகுந்த நம் மேற்குக் கரையிலே, வானம் கறுக்கும்போது பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி வைப்பதைவிடச் சிறந்த உபாயம் வேறொன்றும் இல்லை. தமக்கு மின்சாரம் தரும் பந்தல் பெட்டியை, விழா தொடங்குமுன் உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு முடுக்கிப் பார்க்குமாறு நிர்வாகத்தினரை வேண்டிக்கொள்கின்றேன்.

“இதற்குத்தான் பியூஸ் இருக்கிறதே” என்று கேட்பீர்கள். மெத்தச் சரி, பியூஸ் இல்லாத பெட்டி பெட்டியே அன்று. ஆயினும் பியூஸ் காப்பது டிரான்ஸ்பார்மரையும் வீட்டையும். ஸ்பீக்கரைக் காக்கும் வேகம் அதற்கு இல்லை. மேலே சொன்ன கணக்கிலே ஸ்பீக்கரைக் கொல்லும் மின்னோட்டம் 5.8 ஆம்பியர். நாம் போட்டிருப்பதோ 5 ஆம்பியர் பியூஸ். தன் அளவுக்கு ஆறில் ஒரு பங்குதான் மிகுதியான இந்த மின்னோட்டத்தை அது மணிக்கணக்காகத் தாங்கிக்கொண்டு இருக்கும்; ஸ்பீக்கர் வெந்து அடங்கிய பிறகும் பியூஸின் இழை அறாமல் மின்னும். இன்னும் ஒரு விபரீதம் கேளுங்கள். நேர்ப்பக்கம் ஒன்றும் எதிர்ப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பியூஸ் வைப்பது வழக்கம். அவற்றுள் ஒன்று மட்டும் போனால், பல சுற்றுகளில் வெளிவாயில் மீந்திருக்கும் பக்கத்தை நோக்கிச் சாய்ந்து, முழு வோல்டேஜையும் ஸ்பீக்கரின்மேல் கொட்டிவிடும். காக்க வைத்த பியூஸே கேட்டுக்குக் காரணமாகும் இடம் இது. ஒரு பியூஸ் போனால் மற்றொன்றைப் போட்டு மீண்டும் முடுக்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, போன பியூஸின் கண்ணாடியைக் கவனியுங்கள்: உள்ளே கறுப்பும் வெள்ளியுமாகப் பூச்சு படிந்திருந்தால் எங்கோ முழு ஷார்ட் இருக்கின்றது, கண்ணாடி தெளிவாக இருந்து இழை மட்டும் நடுவில் அறுந்திருந்தால் மெல்லிய மிகைபாரம்.

ஆகவே வேண்டுவது, தோட்டத்து வாயிலிலே நிற்கும் ஜாகாவைப் போல, வெளிவாயிலிலே நின்று வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டே இருந்து, டிசி என்னும் வேண்டாதவன் தலை காட்டிய கணத்தில் கதவை அடைக்கும் ஒரு காவல். அது மிக எளிய சுற்று. ஆம்ப்ளிபயரின் வெளிவாயிலிலிருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு, நேர் எதிர் இரு திசையும் தாங்கும் 47 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒன்று. இசை நேராகவும் எதிராகவும் மாறி மாறி வருவதால் கண்டென்சரில் ஒன்றும் சேருவதில்லை. 20 ஹெர்ட்ஸ் ஆழ்ந்த ஒலி முழு 35 வோல்ட் உயரத்தில் வந்தாலும் அங்கே கால் வோல்ட் அளவே தோன்றும். டிசி வந்தாலோ, ஒரே திசையில் ஏறிக்கொண்டே போய், ஒரு டிரான்சிஸ்டரைத் தட்டி எழுப்பப் போதிய 0.65 வோல்ட்டை ஐம்பதில் ஒரு பங்கு விநாடியில் எட்டிவிடும். அந்த டிரான்சிஸ்டர் ரிலேயின் பிடியைத் தளர்த்தும். ரிலே ஸ்பீக்கரை அறுத்துவிடும். நேர் டிசிக்கு ஒரு டிரான்சிஸ்டரும் எதிர் டிசிக்கு மற்றொன்றும் அவசியம். ஒன்றோடு நிறுத்தியவன் ஒரு பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தவனே. இவற்றையெல்லாம் ஒருங்கே அடக்கி, ஜப்பானிய என்.இ.சி. நிறுவனம் யு.பி.சி. 1237 என்னும் எட்டுக்கால் ஐ.சி.யை வெளியிட்டது, அதை வைத்துச் செய்த சிறு பலகைகள் இன்று பல கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன.

ரிலே மூடினால்தான் ஸ்பீக்கர் இணையும் என்ற ஏற்பாட்டிலே ஒரு தர்மம் இருக்கின்றது: காவலுக்கே மின்சாரம் இல்லாமற்போனாலும் கதவு அடைபட்டுத்தான் இருக்கும், மறந்து திறந்து கிடக்காது.

இனி, பலர் கவனியாத ஒரு நுட்பத்தைச் சொல்லவேண்டும். ரிலேயின் மேல்தகட்டைப் படித்துப் பாருங்கள். 10 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி என்று பெரிதாகவும், அதன் கீழே 30 வோல்ட் டிசி என்று சிறிதாகவும் அச்சிட்டிருக்கும். ஏன் இந்த வேற்றுமை? ஏசி மின்னோட்டம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், ரிலேயின் நாக்குகள் பிரியும்போது எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும். டிசிக்குப் பூஜ்யம் இல்லை. நாக்குகள் பிரிந்த பின்னும் அந்தச் சிறு இடைவெளியில் நீலத் தீநாக்காக வில்வளைந்து நின்று, ஸ்பீக்கருக்கு மின்சாரத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும். ரிலே “டிக்” என்று ஒலித்தும் ஸ்பீக்கர் எரிந்துபோகும் அதிசயம் இதனால்தான் நிகழ்கின்றது. இதற்குப் பரிகாரம் செலவில்லாதது. சுருளின் கால்கள் நீங்க, ரிலேயில் மூன்று கால்கள் உண்டு: நடுவே அசையும் நாக்கு, அது இழுக்கப்பட்டபோது தொடும் முனை, அது ஓய்ந்தபோது தொடும் முனை. அசையும் நாக்கை ஸ்பீக்கருக்கும், இழுக்கப்பட்டபோது தொடும் முனையை ஆம்ப்ளிபயருக்கும், ஓய்ந்தபோது தொடும் முனையைத் தரைக்கும் இணைத்துவிடுங்கள். பழுது நேர்ந்து நாக்கு திரும்பும்போது தீப்பொறி எழுந்தாலும், அது ஆம்ப்ளிபயரிலிருந்து நேரே தரைக்குப் பாய்ந்துவிடும். ஸ்பீக்கரின் இரு முனையும் ஒரே தரையிலே அமர்ந்து பத்திரமாக இருக்கும். 6 ஓம் தடை நடுவில் இல்லாமையால் மின்னோட்டம் பன்மடங்காகப் பெருகி, இவ்வளவு நேரம் சோம்பியிருந்த பியூஸ் உடனே அறுந்துபோகும். மூன்றாவது காலைச் சும்மா விட்டுவைத்த பலகைகளைக் கடையில் மிகுதியாகக் காண்கின்றேன். வாங்கியதும் முதல் வேலையாக அந்த ஒரு கம்பியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே ரிலே மற்றொரு உபகாரமும் செய்யும். ஸ்விட்சைப் போட்டதும் “டொப்” என்று ஸ்பீக்கர் உதைக்கும் ஓசையைக் கேட்டிருப்பீர்கள். நேரும் எதிரும் ஒருசேர எழாமையால் வருவது அது. மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிலே மூடும்படி அமைத்தால் அந்த உதை ஸ்பீக்கரை எட்டாது. அணைக்கும்போது நேரெதிராக, மின்சாரம் நின்ற கணத்திலேயே ரிலே விடவேண்டும். அதற்கு ரிலேயைப் பெரிய கண்டென்சர்களிலிருந்து ஊட்டாமல், டிரான்ஸ்பார்மரிலிருந்தே தனி டயோடு ஒன்றும் சிறு கண்டென்சர் ஒன்றும் கொண்டு ஊட்டினால், பெரியவை வடிந்து முடியுமுன்னே ரிலே விலகிவிடும். அடிக்கடி மின்சாரம் போய்வரும் இடங்களில் இந்தத் தனி வழி பெரும் நன்மை.

எல்.எம். 3886 போன்ற ஐ.சி.க்களில் காவல் உள்ளேயே இருக்கின்றதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காவல் மெய்யானதுதான். வோல்டேஜ் போதிய அளவு ஏறும்வரை அது வாயைத் திறவாது. ஆயினும் அது காப்பது தன்னை. தானே ஷார்ட் ஆகி மாண்டுபோன ஐ.சி. யாரைக் காக்கும்? காருக்கென்று செய்த பிரிட்ஜ் வகைப் பலகைகளிலோ, ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளிலும் பாதி வோல்டேஜ் எப்போதும் நிற்கும். அங்கே கறுப்புக் கம்பியைத் தரை என்று எண்ணி இணைத்தால் பலகையே போய்விடக் கூடும். அவற்றுக்குத் தரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் காவல் பயன்படாது. இரு கம்பிகளுக்கு இடையே பார்க்கும் காவல் வேண்டும். வீட்டுக் கூடத்திலோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலோ 10, 15 வாட்டுக்குமேல் தேவையில்லாதவர்கள், ஒற்றை மின்வழங்கலும் வெளிவாயிலில் ஒரு கண்டென்சரும் வைத்த பழைய முறையிலேயே கட்டிக்கொள்வது தக்கது என்பது என் அபிப்பிராயம். சத்தத்தின் சிறு நயத்தை இழந்தாலும் நிம்மதி மிகும்.

ஸ்பீக்கரைக் காக்கப் பேச வந்த நான், மனிதரைக் காக்க ஒன்றைச் சொல்லாமல் அமர்வது பாபமாகும். பெட்டியில் “ம்ம்ம்” என்று ஹம் எழும்போது, பிளக்கின் எர்த் கம்பியை வெட்டிவிட்டால் அது அடங்குவதைச் சிலர் ஒரு யுக்தியாகக் கொண்டிருக்கின்றார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று உலோக மைக்கைக் கையிலே பிடித்துத் தேவாரம் பாடும் குழந்தைக்கும் 230 வோல்ட்டுக்கும் இடையே நிற்பது அந்த ஒரு பச்சைக் கம்பிதான். ஹம் எழுந்தால் வடிகட்டும் கண்டென்சர் உலர்ந்துவிட்டதா, ஒரு டயோடு விட்டுப்போயிற்றா, மைக் கம்பியின் உறை அறுந்ததா என்று தேடுங்கள். எர்த் கம்பியைத் தொடாதீர்கள். எந்தத் திருவிழாவின் எந்தப் பாட்டும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

கட்டி முடித்த பெட்டியை எப்படிப் பரீட்சிப்பது? முதல் முறை முடுக்கும்போது 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக வைத்து முடுக்குங்கள். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் சரி, எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். ஸ்பீக்கர் இல்லாமலே வெளிவாயிலை மீட்டரில் டிசி வைத்து அளவிடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. நேரும் எதிரும் தனித்தனியே அளந்து இரண்டும் ஏறத்தாழ ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பின்பு காவலையே சோதிக்கவேண்டும்; இதைச் செய்யாதவர்களே மிகுதி. காவல் பலகையின் உள்வாயிலை ஆம்ப்ளிபயரிலிருந்து கழற்றிவிட்டு, ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, காவலுக்கு மின்சாரம் கொடுத்து ரிலே மூடும்வரை காத்திருந்து, ஒரு 9 வோல்ட் பேட்டரியை அந்த உள்வாயிலுக்கும் தரைக்கும் இடையே தொடவிடுங்கள். ரிலே உடனே விடவேண்டும். பேட்டரியைத் திருப்பிப் பிடித்து மறுமுறை தொடவிடுங்கள், அப்போதும் விடவேண்டும். ஒரு திசையில் மட்டும் விடுகின்ற காவல்கள் உண்டு. அவற்றை நம்பி ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்.

ஆலய நிர்வாகத்தைச் சேர்ந்த அன்பர்களே, ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கும்போது எத்தனை வாட் என்று கேட்கின்றீர்கள்; அதனோடு ஸ்பீக்கர்க் காவல் இருக்கின்றதா, எர்த் இணைப்பு இருக்கின்றதா என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால் இளைஞர்கள் செய்யத் தொடங்குவார்கள். இளைஞர்களே, அடுத்த மாசி மகத்துக்கு முன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் பெட்டியைத் திறந்து, அந்த மூன்றாவது காலுக்குத் தரைக்கம்பி போட்டு, 9 வோல்ட் பேட்டரியை இரு திசையிலும் தொட்டுப் பாருங்கள். உங்கள் தோட்டத்திலோ தாமானிலோ பெட்டி வைத்திருக்கும் மற்றவருக்கும் அதைச் செய்து காட்டுங்கள்.